28 கிலோ மூடிக்கு எத்தனை கிலோ கேஸ் ஸ்பிரிங்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும். பட்டறையில் ஏர் கம்ப்ரசரின் இரைச்சலை அடக்க இரும்புத் தகட்டில் ஒரு பெட்டி செய்திருக்கிறீர்கள். மேல்மூடி 1,200 மி.மீ. அகலம், பின்னால் இருக்கும் கீலிலிருந்து முன்விளிம்புவரை 800 மி.மீ. 3 மி.மீ. தகடு, ஓரங்களில் எல் ஆங்கிள், உள்ளே ஃபோம், கைப்பிடி எல்லாம் சேர்த்து 28 கிலோ. முதலில் கடைக்காரர் சொன்னபடி 30 கிலோ கேஸ் ஸ்பிரிங் (கார் டிக்கியைத் தூக்கி நிறுத்துமே, அந்த வாயுக் குழாய்) ஒன்றை ஒரு பக்கம் மட்டும் மாட்டினீர்கள். தூக்கும்போது கொஞ்சம் லேசாக இருந்தது, ஆனால் முழுக்கத் திறந்தபிறகும் மூடி நிற்கவில்லை, மெல்ல இறங்கியது. அடுத்து 60 கிலோவில் ஒரு ஜோடி. மூடியின்மேல் ஆள் சாய்ந்து அழுத்தினால்தான் மூடியது; இரண்டு வாரத்தில் கீலின் ஸ்க்ரூக்கள் பிடுங்கிக்கொண்டன. இப்போது 20 கிலோவில் ஒரு ஜோடி மாட்டியிருக்கிறீர்கள். காலையில் ஒழுங்காக மூடுகிறது. கம்ப்ரசர் நாலு மணி நேரம் ஓடி உள்ளே 60 டிகிரி ஏறியபின் தாழ்ப்பாளை விடுவித்தால் மூடி தானாக நாலு விரல் உயரம் எழும்பி நிற்கிறது. அங்கிருந்து தூக்கினால் நடுவில் கனக்கிறது, கையை விட்டால் விழுகிறது. "இன்னும் எத்தனை கிலோ வாங்கிப் பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதுவும் வாங்க வேண்டாம். மாட்டியிருக்கும் 20 கிலோ ஜோடியே போதும். பிராக்கெட்டின் துளைகளைத்தான் மாற்ற வேண்டும். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், அடுத்த பெட்டிக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் அந்தக் "கிலோ" என்கிற பேச்சு. குழாயின்மேல் ஒட்டியிருக்கும் எண் நியூட்டனில் இருக்கும். 200 நியூட்டன் என்றால் கடையில் கடைசிச் சுழியைத் தள்ளிவிட்டு 20 கிலோ என்பார்கள். ஒரு கிலோவின் எடை 9.81 நியூட்டன் என்பதால் அது தப்பில்லை. தப்பு எங்கே வருகிறது என்றால், அந்த 20 கிலோவை மூடியின் 28 கிலோவோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும் இடத்தில். அந்த எண், குழாயிலிருந்து நீண்டு வரும் ராடு தன் நீளவாக்கில் தள்ளும் விசை. மூடியோ நேராக மேலே போவதில்லை, கீலைச் சுற்றித் திரும்புகிறது. திரும்பும் பொருளுக்கு விசையைவிட முக்கியம், அந்த விசை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்பது. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் "விசையின் திருப்புத்திறன்" என்று படித்திருப்பீர்கள்: விசை பெருக்கல் செங்குத்துத் தூரம். கேஸ் ஸ்பிரிங் தேர்வு முழுக்க இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். துலாவின்மேல் முன்னும் பின்னும் நடப்பவரின் எடை ஒரு கிராம்கூட மாறுவதில்லை. அச்சிலிருந்து அவர் நிற்கும் தூரம்தான் மாறுகிறது. அதே ஆள் ஒரு பக்கம் நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்குகிறது, மறுபக்கம் நடந்தால் தண்ணீரோடு மேலே வருகிறது. உங்கள் ஸ்பிரிங்கும் அந்த ஆள் மாதிரிதான். நீங்கள் மூன்று முறையும் ஆளை மாற்றினீர்கள், அவர் நிற்கும் இடத்தை மாற்றவில்லை.

ஸ்பிரிங்கின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் உங்கள் மதிய நேரத் தொல்லைக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் இதை டிக்கி ஷாக், கேஸ் பம்ப், ஹைட்ராலிக் என்று பல பெயரில் கேட்கிறார்கள். ஹைட்ராலிக் என்பது சரியல்ல. உள்ளே தள்ளுவது எண்ணெய் அல்ல, நைட்ரஜன் வாயு. எண்ணெய் கொஞ்சம் இருக்கும். அது ராடைச் சுற்றி வாயுவை அடைத்துவைக்கும் சீலை ஈரமாக வைக்கவும், ராடு முழுக்க வெளியே வரும் கடைசிக் கட்டத்தில் வேகத்தைக் குறைக்கவும்தான். பிஸ்டனில் சிறு துளை இருப்பதால் அதன் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். ஆனால் ராடு இருக்கும் பக்கத்தில், ராடு அடைத்துக்கொண்ட பரப்பில் வாயு தள்ள முடியாது. அந்த வித்தியாசம்தான் ராடை வெளியே தள்ளுகிறது. ஆக, விசை என்பது அழுத்தம் பெருக்கல் ராடின் குறுக்குப் பரப்பு. உங்களுடையது 8 மி.மீ. ராடு, 18 மி.மீ. குழாய். 8 மி.மீ. ராடின் பரப்பு சுமார் 50 சதுர மி.மீ. 200 நியூட்டன் வேண்டுமென்றால் உள்ளே ஏறக்குறைய 40 பார் அழுத்தம் இருக்க வேண்டும். கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று அதிகம். இந்தக் குழாயைத் துளைப்பது, அறுப்பது, சூடுகாட்டுவது எதுவும் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. ராடு உள்ளே போகப்போக அது வாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அழுத்தம் ஏறுகிறது. அதனால் முழுக்க நீண்டிருக்கும்போது 200 நியூட்டன் தள்ளும் ஸ்பிரிங், முழுக்க அமுங்கியிருக்கும்போது 1.2 முதல் 1.4 மடங்குவரை தள்ளும். குழாயில் ஒட்டியிருக்கும் எண் நீண்ட நிலைக்கானது. உங்கள் கணக்குக்கு நான் 1.3 என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது, வெப்பம். அந்த எண் 20 டிகிரியில் அளந்தது. அடைத்த வாயுவின் அழுத்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் 293-இல் ஒரு பங்கு ஏறும், அதாவது சுமார் 0.34 சதவீதம். 60 டிகிரிக்குப் போனால் 13 முதல் 14 சதவீதம் கூடிவிடும். கம்ப்ரசர் பெட்டியில் இது சின்ன விஷயமில்லை.

இனி உங்கள் மூடி. அதன் புவியீர்ப்பு மையம் எங்கே என்று தேட வேண்டியதில்லை, ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, பெட்டி தூக்கும் டிஜிட்டல் கொக்கித் தராசை முன்விளிம்பின் நடுவில் மாட்டி, மூடி ஒரு விரல் மட்டும் எழும்பும்படி தூக்கிப் பாருங்கள். 14 கிலோ காட்டும், எடை சீராகப் பரவியிருந்தால் பாதிதான் வரும். 14 கிலோ என்பது 137 நியூட்டன், 0.8 மீட்டரால் பெருக்கினால் 110 நியூட்டன் மீட்டர். மூடிய நிலையில் மூடி கீழே திரும்பத் துடிக்கும் திறன் இதுதான். கைப்பிடி, ஃபோம், கூடுதல் ஆங்கிள் எல்லாம் இதற்குள் வந்துவிட்டது. முன்பக்கம் கனமான மூடியாக இருந்தால் தராசே கூடுதலாகக் காட்டிவிடும். தகட்டின் எடையைப் புத்தகத்தில் பார்த்து, மையம் நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதைவிட இந்த முறையை நான் பெரிதும் நம்புகிறேன்.

மூடி எழ எழ இந்தத் திறன் குறையும். 45 டிகிரியில் 78, 60 டிகிரியில் 55. நீங்கள் திறக்கும் 80 டிகிரியில் வெறும் 19. படுக்கை நிலையில் ஆரம்பிக்கும் எந்த மூடிக்கும் இப்படித்தான்: தொடக்கத்தில் அதிகம், கடைசியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சமையலறையில் மேலே திறக்கும் கப்போர்டு கதவு இதற்கு நேர்மாறு. மூடியிருக்கும்போது அது தொங்கிக்கொண்டிருப்பதால் தூக்க வேண்டியதே இல்லை, படுக்கை நிலைக்கு வரும்போதுதான் முழு எடையும் தெரியும். ஒன்றுக்குப் பார்த்த இடத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்தவே கூடாது.

அடுத்து ஸ்பிரிங்கின் பக்கம். பட்டறைச் சுவரில் சாக்பீஸால் அசல் அளவில் வரையுங்கள். கீல் ஒரு புள்ளி. மூடியில் பிராக்கெட் இருக்கும் புள்ளி. பெட்டியின் பக்கத் தகட்டில் கீழ்ப் பிராக்கெட் இருக்கும் புள்ளி. இரண்டு பிராக்கெட்டையும் இணைக்கும் கோடுதான் ஸ்பிரிங் தள்ளும் திசை. மூலைமட்டத்தை வைத்து, கீலிலிருந்து அந்தக் கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்தால் அதுதான் செங்குத்துத் தூரம். மூடியை 45, 60, 80 டிகிரிக்குத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அதையே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூடிக்கு ஓர் அட்டைத்துண்டை வெட்டிக் கீல் புள்ளியில் ஆணி அடித்துச் சுழற்றினால் இன்னும் சுலபம். அரை மணி நேர வேலை.

நீங்கள் கொடுத்த அளவுகளில் நானே வரைந்து பார்த்தேன். மேல் பிராக்கெட் கீலிலிருந்து 300 மி.மீ. தூரத்தில். கீழ்ப் பிராக்கெட் கீலிலிருந்து 65 மி.மீ. முன்னால், 205 மி.மீ. கீழே. மூடியிருக்கும்போது செங்குத்துத் தூரம் 197 மி.மீ. 45 டிகிரியில் 130. 60-இல் 101. 80 டிகிரியில் வெறும் 60. அதாவது மூடியிருக்கும்போது ஸ்பிரிங் பலமாக நெம்புகிறது, திறந்தபின் கை ஓய்ந்துவிடுகிறது. போதாததற்கு, அமுங்கிய நிலையில் ஸ்பிரிங்கின் விசையும் அதிகம், நீண்ட நிலையில் குறைவு. இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றன.

இந்த எண்களை வைத்துக்கொண்டு உங்கள் மூன்று அனுபவங்களையும் பாருங்கள். முதலில் ஒரே ஒரு 300 நியூட்டன்: 80 டிகிரியில் 300 × 0.06 = 18. மூடிக்கு வேண்டியது 19. நூலிழையில் குறைகிறது, அதனால்தான் பொத்தென்று விழாமல் மெல்ல இறங்கியது. கூடவே, ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் 1,200 மி.மீ. அகல மூடி முறுக்கிக்கொள்ளும். 600 மி.மீ.க்கு மேல் அகலமான மூடிக்கு நான் எப்போதும் ஜோடியாகத்தான் போடுவேன். இரண்டாவதாக இரண்டு 600 நியூட்டன்: அமுங்கிய நிலையில் இரண்டும் சேர்ந்து சுமார் 1,540 நியூட்டன், 0.197-ஆல் பெருக்கினால் 303. மூடியின் 110 போக 193 மிச்சம். முன்விளிம்பில் கை வைத்தால் ஏறக்குறைய 25 கிலோ அழுத்த வேண்டும். மூடியின்மேல் ஆள் சாய வேண்டியிருந்தது இதனால்தான்.

மூன்றாவதாக இப்போது இருக்கும் இரண்டு 200 நியூட்டன். அமுங்கிய நிலையில் சேர்ந்து சுமார் 510 நியூட்டன். 0.197-ஆல் பெருக்கினால் 101. மூடியின் 110-ஐவிடக் குறைவு, ஆகவே காலையில் மூடி அமர்ந்திருக்கிறது. 60 டிகிரி வெப்பத்தில் அந்த 101, 115 ஆகிவிடுகிறது. 110-ஐத் தாண்டிவிட்டதால் தாழ்ப்பாளை எடுத்ததும் மூடி எழும்புகிறது. கொஞ்சம் எழும்பியதும் செங்குத்துத் தூரம் குறைந்து, ஸ்பிரிங்கின் பக்கம் மறுபடி தோற்றுப்போகிறது. அதனால்தான் நாலு விரல் உயரத்தில் நின்றுவிடுகிறது. நடுவில், 45 டிகிரியில், ஸ்பிரிங் கொடுப்பது 57, வேண்டியது 78. கையை விட்டால் விழாமல் என்ன செய்யும்? 80 டிகிரியில் 24-க்கு 19, அங்கே மட்டும் நிற்கிறது. ஆனால் நாளடைவில் வாயு கொஞ்சம் கசிந்து 20 சதவீதம் குறைந்தால் அங்கேயும் நிற்பது சந்தேகம்தான்.

இப்போது துளைகளை மாற்றுவோம். அதே ஸ்பிரிங், அதே 500 மி.மீ. முழு நீளம், அதே 200 மி.மீ. ஸ்ட்ரோக் (ராடு உள்ளே போய்வரும் தூரம்). மேல் பிராக்கெட்டைக் கீலிலிருந்து 160 மி.மீ. தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். கீழ்ப் பிராக்கெட்டை 220 மி.மீ. முன்னாலும் 305 மி.மீ. கீழேயும் வையுங்கள். எல்லா அளவும் கீலின் அச்சிலிருந்து, துளையின் மையம்வரை. இரண்டு துளைகளுக்கும் இடையே மூடிய நிலையில் சுமார் 310 மி.மீ. வரும், 80 டிகிரியில் 500 வரும். ஸ்பிரிங் முழுக்க அமுங்கினால் 300. அந்த 10 மி.மீ. மிச்சம் கட்டாயம் இருக்க வேண்டும். மூடி ரப்பர் பீடிங்கில் உட்காருவதற்கு முன் ராடு அடிமுட்டினால், அடுத்த அழுத்தத்தில் ராடு வளையும் அல்லது பிராக்கெட் பிய்யும்.

செங்குத்துத் தூரங்கள் எப்படி மாறுகின்றன பாருங்கள். மூடிய நிலையில் 157 மி.மீ., 45 டிகிரியில் 137, 60-இல் 118, 80-இல் 86. முன்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது இப்போது பாதிக்குமேல் நிற்கிறது. மூடிய நிலையில் ஸ்பிரிங் கொடுப்பது 80, 60 டிகிரி வெப்பத்திலும் 91-தான். 110-ஐத் தொடவே தொடாது, ஆகவே மதியத்திலும் மூடி தானாக எழும்பாது. 45 டிகிரியில் 61, 60 டிகிரியில் 50. 65 டிகிரி வாக்கில் ஸ்பிரிங்கும் மூடியும் சமமாகும். அதற்குமேல் மூடி தானே ஏறிப் போய் நிற்கும். 80 டிகிரியில் 34-க்கு 19. அந்த 20 சதவீதம் கசிந்தாலும் 27 இருக்கும், மூடி நிற்கும்.

கைக்கு எவ்வளவு வரும் என்பதுதான் அடுத்த கேள்வி. தொடக்கத்தில் முன்விளிம்பில் சுமார் மூன்றரை, நாலு கிலோ தூக்க வேண்டியிருக்கும். ஸ்பிரிங் இல்லாமல் 14 கிலோ. நடுவில் இரண்டு கிலோ, 65-ஐத் தாண்டியதும் ஒன்றுமில்லை. மூடுவதற்கு மேலே இரண்டு கிலோ இழுத்தால் போதும். இது உங்கள் வேலையாட்கள் யாரும் சிரமமில்லாமல் செய்யக்கூடியது. இன்னும் லேசாக வேண்டுமென்றால், பிறகு ஆர்டர் கொடுக்கும்போது 220 நியூட்டனில் ஜோடி கேளுங்கள். கடையில் அடுக்கியிருக்கும் அளவுகளோடு நின்றுவிட வேண்டியதில்லை, தயாரிப்பவர்கள் கேட்ட விசைக்கு நிரப்பித் தருவார்கள். 220 போட்டால் தொடக்கத்தில் இரண்டரை, மூன்று கிலோவாகக் குறையும், சூட்டில் 100 வரும், இன்னும் 110-க்குக் கீழேதான். 250-க்குப் போகாதீர்கள். காலையில் விரலால் தூக்கலாம் போல அருமையாக இருக்கும், மதியம் 114 ஆகி, தாழ்ப்பாளை எடுத்தவரின் தாடையில் வந்து இடிக்கும். இந்த முறை நாலு விரலில் நிற்காது. புதிய துளைகளில் செங்குத்துத் தூரம் சட்டென்று குறையாததால் மேலேவரை ஏறிப் போய்விடும்.

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. கனமான மூடிக்குப் பலமான ஸ்பிரிங் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். சுவரில் கோடு போட்டு இடத்தை முடிவு செய்தபிறகுதான் விசையின் எண்ணே பிறக்கிறது. இடம் தெரியாமல் எண் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார், மூடியின் எடையைக் கேட்டுவிட்டு அதற்குச் சற்று மேலே ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

துளை போடுவதற்குமுன் கீலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் உங்களுக்கு ஒருமுறை பிடுங்கிக்கொண்டது. மூடியின் எடையைக் கீல் தாங்குகிறது, அதனால் கீல் கீழ்நோக்கி அழுத்தப்படுகிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஸ்பிரிங் மாட்டியபின் அது தலைகீழாகிறது. புதிய இடத்தில் ஸ்பிரிங் மூடிய நிலையில் ஏறக்குறைய செங்குத்தாக நின்று 500 நியூட்டன் மேலே தள்ளும். மூடியின் எடை 275 நியூட்டன். தாழ்ப்பாளையும் மூடியின் முன்விளிம்பு உட்காரும் விதத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், கீலை எந்நேரமும் ஏறக்குறைய 27 கிலோ மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே தகட்டில் நேராக ஏற்றும் ஸ்க்ரூ வேண்டாம். போல்ட், நட், உள்பக்கம் ஒரு பட்டைத் தகடு வைத்துப் பிடியுங்கள். மேல் பிராக்கெட்டுக்குப் பின்னாலும் ஆங்கிள் இருக்க வேண்டும். வெறும் 3 மி.மீ. தகட்டில் மாட்டினால் அந்த இடம் மட்டும் மெல்லக் குமிழும், முன்மூலைகள் பீடிங்கில் சரியாக உட்காராது.

பிராக்கெட்டில் ஒரே துளை போடாமல், கீழ்ப் பிராக்கெட்டில் 15 மி.மீ. இடைவெளியில் மூன்று துளை போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கின் விசையில் சில சதவீதம் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும், உங்கள் தகட்டு வேலையிலும் இருக்கும். நடுத்துளையில் மாட்டிப் பார்த்துவிட்டு முன்னேயோ பின்னேயோ நகர்த்தலாம். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் அந்த 10 மி.மீ. மிச்சம் இருக்கிறதா என்று அளந்துவிட்டே மூடுங்கள்.

மாட்டும் திசை: ராடு கீழே, குழாய் மேலே. ராடின் முனை பெட்டியின் பக்கத் தகட்டில், குழாயின் அடி மூடியில். இப்படி வைத்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் சீலின்மேல் தேங்கி நிற்கும், சீல் காயாது. மூடி திறந்து முடியும் இடத்தில் பிஸ்டன் எண்ணெய்க்குள் இறங்குவதால் வேகம் தணிந்து மெத்தென்று நிற்கும். தலைகீழாக மாட்டினால் உடனே எதுவும் தெரியாது. சில மாதங்களில் சீல் காய்ந்து வாயு கசிய ஆரம்பிக்கும். "சீக்கிரம் போய்விட்டது" என்று என்னிடம் வரும் ஸ்பிரிங்குகளில் முதலில் நான் கேட்பது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதைத்தான்.

மேல் கீழ் பிராக்கெட்டுகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஸ்பிரிங் மூடியின் பக்க விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். உள்ளே ஃபோம் இருப்பதால் ஒன்று 20 மி.மீ. உள்ளே தள்ளிப் போய்விடுவது வழக்கமாக நடப்பது. பிராக்கெட்டில் மாட்டும் பந்து போன்ற முனை கொஞ்சம் சாய்வைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் ராடின்மேல் விழும் பக்கச் சுமையை சீல் பொறுக்காது. ராடில் ஒரு பக்கம் மட்டும் மினுமினுவென்று தேய்ந்த கோடு தெரிந்தால் காரணம் அதுதான்.

வெல்டிங் பட்டறை என்பதால் இன்னொன்று. ஸ்பிரிங் மாட்டியிருக்கும்போது பக்கத்தில் வெல்டு வைக்காதீர்கள். ஒரு தீப்பொறி ராடில் ஒட்டினால் போதும், கண்ணுக்குத் தெரியாத அந்த மேடு ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சீலை அறுக்கும். பெயிண்ட் ஸ்பிரேயும் அப்படித்தான். ராடில் படிந்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயிண்டோடு ராடின் பளபளப்பும் போய், ஒரே மாதத்தில் இரண்டும் எண்ணெய் கக்கிவிட்டன. பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். கிரீஸும் பூச வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

உங்கள் பெட்டியில் வெப்பத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. சாதாரண கேஸ் ஸ்பிரிங்குகள் 80 டிகிரிவரைக்குத்தான். பெட்டிக்குள் காற்று 60 டிகிரி என்றால், கம்ப்ரசர் ஹெட்டுக்கும் டெலிவரி பைப்புக்கும் பக்கத்தில் அதைவிட அதிகம் இருக்கும். கீழ்ப் பிராக்கெட்டின் புதிய இடம் அந்தப் பைப்புக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும், இல்லையென்றால் நடுவில் ஒரு தகடு மறைப்பு கொடுங்கள்.

முட்டுக்கம்பி கட்டாயம் வையுங்கள். 28 கிலோ மூடி ஒருவர் குனிந்திருக்கும்போது பின்தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் ஸ்பிரிங் தூக்க உதவும் பொருள், ஆளைக் காப்பாற்றும் பொருள் அல்ல. வாயு கசிவது மெல்ல நடக்கும். தினமும் திறப்பவர் கை அதற்குப் பழகிவிடும், ஒரு குளிர்ந்த காலையில் மூடி இறங்கும். 10 மி.மீ. இரும்புக் கம்பியை ஒரு முனையில் மடக்கி, மூடியில் ஒரு வளையத்தில் கோத்து, பெட்டியின் விளிம்பில் குழி செய்து நிறுத்தினால் ஆயிற்று. சர்வீஸுக்குக் குனிபவர் முதலில் கம்பியை நிறுத்த வேண்டும் என்பதைப் பட்டறை வழக்கமாக்கிவிடுங்கள். எப்போது ஒரு ஸ்பிரிங் தளர்ந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிதும் பழையதுமாக இருந்தால் மூடி முறுக்கும்.

கட்டிலுக்கும் இதே ஸ்பிரிங் போடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். போடலாம், கணக்கு ஒன்றுதான். ஆனால் அங்கே மெத்தையோடு சேர்த்துத்தான் கொக்கித் தராசில் தூக்க வேண்டும். ஆசாரி மெத்தை இல்லாமல் மாட்டிப் பார்த்துவிட்டு, பலகை மூடவே மாட்டேன் என்கிறது என்று குறைந்த விசைக்கு மாற்றிவிடுவார். பிறகு இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டதும் வீட்டுப் பெண்களால் தூக்க முடியாது. மெத்தை வந்தபிறகு மாட்டச் சொல்லுங்கள்.

மிச்சமிருக்கும் அந்த 60 கிலோ ஜோடியைத் தூக்கி எறிய வேண்டாம், பழைய இரும்புக் கடைக்கும் அப்படியே போட வேண்டாம். 600 நியூட்டனுக்கு உள்ளே ஏறக்குறைய 120 பார் இருக்கிறது. யாராவது கட்டிங் வீல் வைத்தால் ஆபத்து. ராடு கீழே இருக்கும்படி நிறுத்திவைத்துப் பத்திரப்படுத்துங்கள். இதைவிட மூன்று மடங்கு கனமான மூடி ஒன்று வரும்போது, சுவரில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு அதற்கு மாட்டிக்கொள்ளலாம்.